தெற்கு ஜன்னலுக்கு வராத வெயில்

ஒரு வீட்டின் அறைக்குள் எந்த மாதத்தில், எந்த ஜன்னல் வழியாக வெயில் வரும் என்பதை, அந்த வீட்டை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் உறுதியாக எழுதிக் கொடுக்கலாமா?

திண்டுக்கல்லில் ஒரு மாடி அலுவலகத்தில் அமர்ந்து, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்து வாடகை வீடுகளின் எழுத்து வேலையை நான் ஒன்பது ஆண்டுகள் செய்தேன். அதில் ஆறாம் ஆண்டின் ஆடி மாதக் காலையொன்றில் இந்தக் கேள்வி ஒரு புகைப்படமாக என் திரையில் வந்து நின்றது. படத்தில் ஒரு குழந்தையின் கட்டில். முயல் படம் போட்ட போர்வை. தலைமாட்டுக்கு மேலே, கூரை வரைக்கும், சுவர் முழுவதும் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. கீழே இரண்டு வரிகள்: "ரூபிக்கு மறுபடியும் இளைப்பு. தயவுசெய்து இந்தச் சுவரை யாராவது வந்து பாருங்கள்."

அனுப்பியவர் ஹெலன். பேருந்து ஓட்டுநர். ஏழு வயது மகள் ரூபியுடன் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர். அந்த வீட்டை வாங்கலாம் என்று வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்தவள் நான்.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும், வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்ததை அங்கேயே ஒரு வீட்டில் போட நினைக்கும் நம் பக்கத்து மக்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

1. நாலரை மணி அலுவலகம்

மெல்பர்னில் காலை ஒன்பது என்றால் இங்கே நாலரை. அவர்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் மாதங்களில் எங்களுக்கு மூன்றரை. நான் சின்னாளப்பட்டியிலிருந்து அலுவலக வேனில் வருவேன். பூ மார்க்கெட்டுக்கு மூட்டை இறக்குகிறவர்களும் நாங்களும்தான் அந்நேரத்தில் ஊரில் விழித்திருந்த கூட்டம். மல்லிகை வாசனையோடு படியேறி, ஆஸ்திரேலியாவின் ஒழுகும் குழாய்களை எண்ணத் தொடங்குவோம். பகல் ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும். மதியத்துக்கு மேல் ஊரே வேலையாக இருக்க, நாங்கள் மட்டும் வீட்டுக்குப் போகும் அந்த அலாதியான உணர்வு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

அலுவலகத்தை நடத்தியவர் சேவியர் சார். சிவில் டிப்ளமா படித்து, திண்டுக்கல்லில் இருபது ஆண்டுகள் வீடு கட்டிக் கொடுத்தவர். அவருடைய மச்சான் மெல்பர்னில் ஒரு சிறிய ஏஜென்சி நடத்தினார். வீட்டுக்காரர்களுக்காக வாடகை வீடுகளைப் பராமரிக்கும் ஏஜென்சி. அதன் எழுத்து வேலை அனைத்தும் எங்களிடம் வந்தது. குடியிருப்பவரின் புகாரைப் பதிவது, பிளம்பரையோ எலக்ட்ரீசியனையோ அனுப்பி வைப்பது, குடிவரும் நாளில் வீட்டின் நிலையைக் குறிக்கும் கண்டிஷன் ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்வது என்று எட்டுப் பேருக்கு வேலை இருந்தது.

நான் பொருளாதாரத்தில் முதுகலை முடித்து, ஏழைகளின் வீட்டுவசதி பற்றி ஓர் ஆய்வேடும் எழுதிவிட்டு வந்திருந்தேன். முதல் நாளே அந்தப் பெருமை கரைந்தது. ஒரு குடியிருப்பவர் "வெந்நீர் வரவில்லை" என்று எழுதியிருந்தார். நான் அதைச் சாதாரணப் புகார்களின் வரிசையில் கடைசியில் வைத்தேன். பக்கத்து இருக்கைப் பாண்டியும் அதை ஆமோதித்தான்.

"சுடுதண்ணி இல்லேனா பச்சத்தண்ணில குளிக்கட்டும்க்கா. எங்க வீட்ல ஹீட்டரு வாங்குனதே எந்தங்கச்சி கல்யாணத்துக்குத்தேன்."

சேவியர் சார் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா ஜெசிந்தா, இப்ப அங்க என்ன குளிருன்னு பாத்தியா?"

"இல்ல சார்."

"நாலு டிகிரி. பாண்டி, நீ வேணா ப்ரிட்ஜுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு பச்சத்தண்ணில குளிச்சிட்டு வா. நான் இங்கனயே நிக்கிறேன்."

அங்கே வெந்நீர் நின்றுபோவது அவசரப் பழுது. சட்டப்படியே உடனே கவனிக்க வேண்டியது. இங்கே அற்பமானது அங்கே அவசரம் என்பதை அன்று கற்றேன். கற்றுவிட்டதாக நினைத்தேன் என்று சொல்வதே சரி.

2. ஒட்டன்சத்திரத்துக்காரரின் முதல் வீடு

சில ஆண்டுகளில், வீடு வாங்க விரும்பும் தமிழர்களுக்காக 'பையர் நோட்' என்ற குறிப்பையும் நாங்கள் தயாரிக்கத் தொடங்கினோம். விளம்பரப் படங்கள், வரைபடம், அக்கம்பக்கத்து வாடகை, பள்ளி, ரயில் நிலையம் எல்லாவற்றையும் பார்த்து, இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதித் தருவது. அதில் என் கை தேர்ந்திருந்தது.

அப்படி வந்தவர்தான் ராஜமாணிக்கம் அண்ணன். ஒட்டன்சத்திரத்துக்காரர். மெல்பர்னில் லாரி மெக்கானிக். தாம் வாடகை வீட்டில் இருந்துகொண்டே முதலீடாக ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டு, பிள்ளைகள் வளர்ந்தபின் அதிலேயே குடியேறுவது அவர் திட்டம்.

"ஏனுங்க அம்மிணி, நட்டம் காட்டுனா வரி கொறயுதுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்களே, நெசமாங்க?"

"நெசந்தான்ணே. ஆனா வரி கொறயிறதுக்காக நட்டப்பட்டா, நட்டம் முழுசும் உங்க கையிலதான். திரும்பி வாரது அதுல ஒரு பங்கு மட்டுந்தான். வீடு தன் கால்ல நிக்கிதான்னு மொதல்ல பாருங்க."

"அதுஞ் செரிதானுங்க."

இன்னும் சிலவற்றையும் அவருக்குச் சொன்னேன். அவற்றில் எதையும் இன்றுவரை நான் மாற்றிக்கொள்ள நேர்ந்ததில்லை. வாங்கும் முன் கட்டடமும் கறையானும் பார்க்கும் பில்டிங் ரிப்போர்ட்டை நாமே பணம் கொடுத்து எடுக்க வேண்டும். விற்பவர் தரும் அறிக்கை போதாது. அறிக்கையின் முதல் பக்கச் சுருக்கத்தோடு நின்றுவிடாமல், தரைக்கு அடியிலும் கூரைக்கு உள்ளேயும் பார்த்து எழுதிய பக்கங்களைப் படிக்க வேண்டும். அடுக்குமாடி என்றால் பொதுப் பராமரிப்புக் கட்டணத்தையும், சங்கத்தின் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்க வேண்டும். வரப்போகும் பெரிய செலவுகள் அந்தக் குறிப்புகளில்தான் ஒளிந்திருக்கும். ஆண்டில் சில வாரம் வீடு காலியாகக் கிடக்கும் என்று வைத்துத்தான் கணக்கே போட வேண்டும்.

கடைசியில் இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று தெற்கு வாசல். ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்தது. அதன் கூடமும் படுக்கையறைகளும் பின்பக்கம் வடக்கு நோக்கியவை. இன்னொன்று வடக்கு வாசல். அதில் தெருப்பக்கம் ஓர் அறை, பின்பக்கம் தெற்கு நோக்கிக் கூடமும் இரண்டு படுக்கையறைகளும். அண்ணனுக்கு ரயில் நிலையத்து வீட்டின் மேல் ஆசை. அவர் மனைவிக்குத் தெற்கு வாசல் என்ற சொல்லே பிடிக்கவில்லை.

"நீங்களே ஒரு முடிவச் சொல்லுங்க அம்மிணி. நீங்க எழுதிக் குடுத்தா ரெண்டு பேருமே ஒத்துக்கறம்."

நான் வாஸ்து பார்ப்பவள் அல்ல. ஆகவே காரணத்தோடு எழுத விரும்பினேன். சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டில் தெற்கே ஒரு ஜன்னல் உண்டு. மார்கழியில் அதன் வழியே வெயில் உள்ளே சாய்ந்து, தரையில் ஒரு கட்டமாக விழும். அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு அந்தக் கட்டத்தில்தான் வந்து அமர்வாள். நான் தேர்வுக்குப் படித்ததெல்லாம் அங்கேதான். குளிர்காலம் என்றால் தெற்கு ஜன்னல் என்று என் உடம்பே அறிந்து வைத்திருந்தது. விளம்பரப் படத்திலும் அந்த வீட்டின் தெற்கு அறையில் வெயில் கட்டில்வரை விழுந்திருந்தது.

எழுதினேன்: "பின் அறைகள் தெற்கு நோக்கியவை. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாயும்போது வெயில் உள்ளே வரும். தென்காற்றும் கிடைக்கும். வடக்கு வாசல் வீடே மேல்." கூரையின் சோலார் பலகைகள் வடக்குச் சரிவில் இருந்ததைச் செயற்கைக்கோள் படத்தில் கண்டு, "தவறான பக்கத்தில் பொருத்தியுள்ளனர், வசதிப்படும்போது மாற்றலாம்" என்றும் சேர்த்தேன். அதை எழுதிய தன்னம்பிக்கையை நினைத்தால் இன்றும் முகம் சூடாகிறது.

வடக்கு வாசல் வீட்டை அவர் வாங்கினார். ஹெலன் குடிவந்தார். ஒப்பந்தத்தில் ஒரு விலக்கு இருந்தது. தெருப்பக்கத்து முன் அறையை அண்ணன் தம் சாமான்களை வைத்துப் பூட்டிக்கொண்டார். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் வீட்டை வாடகைக்கு விடும்போது ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. "முன் அறை நீங்கலாக" என்று தட்டச்சு செய்ததும் நான்தான்.

3. நான்காம் டெம்ப்ளேட்

முதல் குளிர்காலத்திலேயே ஹெலன் சுவரில் ஈரம் என்று எழுதியிருந்தார். பாண்டி அதற்கு நான்காம் டெம்ப்ளேட்டை அனுப்பினான். எங்களிடம் எண்ணிட்ட ஆயத்தக் கடிதங்கள் இருந்தன. மூன்றாவது, வீட்டைப் பார்வையிட வருகிறோம் என்ற அறிவிப்பு. நான்காவது பூஞ்சைக்கு: "பூஞ்சை பெரும்பாலும் வாழும் முறையால் ஏற்படுகிறது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். உள்ளே துணி உலர்த்தாதீர்கள்." அந்தக் கடிதத்தை நாங்கள் எத்தனையோ பேருக்கு அனுப்பியிருந்தோம். யாருக்கும் அது உறுத்தவில்லை.

இரண்டாம் குளிர்காலத்தில் அந்தப் படம் வந்தது.

"நாலாம் நம்பரத் திரும்பத் தட்டி விட்ரவாக்கா?" என்றான் பாண்டி.

"செத்த நேரம் பொறு. நான் பேசிட்டு வாரேன்" என்று சொல்லி ஹெலனை அழைத்தேன். அவர் பணிக்கு இடையே பேருந்து நிலையத்தில் இருந்தார். குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டுமே இருந்தது.

"ஜன்னலைத் தினமும் திறக்கிறேன். வெளியே ஐந்து டிகிரி இருக்கும்போது எத்தனை நேரம் திறந்து வைப்பது? சுவரைத் துடைக்கிறேன். ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. இரண்டு முறை அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டேன். டாக்டர் அறையை மாற்றச் சொல்கிறார். எந்த அறைக்கு மாற்றுவது? என் அறையும் அதே பக்கம்தான்."

"பகலில் வெயில் வருமே, அப்போது..." என்று தொடங்கினேன்.

"வெயிலா? மார்ச் கடைசியில் போனால் செப்டம்பரில்தான் வரும். தெற்குப் பக்க அறை அல்லவா?"

கேலியாக அவர் அதைச் சொல்லவில்லை. இரண்டும் இரண்டும் நான்கு என்பதுபோலச் சொன்னார். நான் அழைப்பை முடித்துவிட்டு, அந்த வீட்டின் பழைய விளம்பரப் படத்தைத் திறந்து, அது எடுக்கப்பட்ட நாளைத் தேடினேன். ஜனவரி மாதம், மாலை. அதாவது அங்கே நடுக்கோடை. கோடை மாலையில் மட்டும் தென்மேற்கிலிருந்து சாய்வாக நுழையும் வெயிலைத்தான் ஆண்டு முழுவதற்குமான வெயிலாக எழுதிக் கொடுத்திருந்தேன்.

4. தண்ணீர்த் தொட்டியின் நிழல்

சேவியர் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"சூரியன் என்ன அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணா? இருவது வருசமா தெக்குச் சுவத்துக்கு சன்ஷேடு போட்டவன்மா நான்."

"பூமியோட நடுக்கோட்டுல இருந்து அவங்க அம்புட்டுத் தூரம் தெக்க இருக்காங்க சார். அவங்களுக்கு நடுப்பகல்ல சூரியன் எப்பவும் வடக்கதான் தெரியும். நாமதான் மார்கழிய மனசுல வச்சுக்கிட்டு..."

"பேசாம மாடிக்கு வா."

மணி பன்னிரண்டே கால் தாண்டியிருந்தது. பாண்டியும் வேடிக்கை பார்க்க ஏறி வந்தான். மொட்டை மாடியின் ஓரத்தில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி நின்றது. அதன் நிழல் ஒரு முழத்துக்கும் குறைவாக, மலைக்கோட்டைக்கு எந்தப் பக்கம் எங்கள் அலுவலகம் என்பதை வைத்துத் திசை பார்த்தால், ஐயத்துக்கு இடமின்றித் தெற்கே விழுந்திருந்தது.

"சார், நெழலு தெக்க விழுது" என்றான் பாண்டி. "அப்ப சூரியன் வடக்கதான நிக்கிது!"

சேவியர் சார் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வடக்கே பார்த்து நின்று, கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டார்.

"ஆமாலே. ஆடி மாசம் வடக்கதான் நிக்கிது. இம்புட்டு நாளா இந்தத் தொட்டிக்கிட்டதான் நின்னு டீக் குடிக்கிறோம்."

"நீங்க நெழல்ல நிப்பீங்க சார். எந்தப் பக்க நெழல்னு யாரு பாத்தா?" என்றான் பாண்டி.

நம் ஊரிலேயே சித்திரை முதல் ஆவணி வரை நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் யாரும் வெயிலைத் தேடுவதில்லை. ஆகவே யாரும் கவனிப்பதும் இல்லை. நாங்கள் வெயிலைத் தேடியது மார்கழியில் மட்டுமே. அந்த ஒரு மாதத்து நினைவை வைத்து இன்னொரு கண்டத்துக் குழந்தையின் அறையைத் தீர்மானித்துவிட்டேன்.

கீழே வந்ததும் அவர் கதவைச் சாத்தினார். அடுத்து வந்த பேச்சு எளிதாக இல்லை.

"தப்புன்னு எழுத்துல குடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சியா? மாணிக்கம் நம்ம மேல கேஸ் போடலாம். மச்சான் ஏஜென்சி பேரு கெடும். இங்க எட்டுப் பேரு சாப்பாடு இருக்கு."

"யோசிச்சேன் சார். எழுதாம விட்டா நாலாம் நம்பர் கடிதம் போகும். அவங்க திரும்பவும் ஜன்னலத் தொறப்பாங்க. அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டும். தப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க நாம மூணு பேருதான்."

நெடுநேரம் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பழைய வீட்டு வரைபடம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எட்டுப் பேரும் அந்த வேலையை நம்பியிருந்தோம் என்பது மிகையல்ல. என் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் அதில் அடக்கம். அவர் நிதானித்ததை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன்.

"எழுதிரு" என்றார் கடைசியில். "எழுதி எங்கிட்டக் கொண்டா. கீழ எங்கையெழுத்தும் இருக்கட்டும். அந்த நோட்ட நானும் படிச்சுப் பாத்துத்தான அனுப்புனேன். ஆனா கடுதாசி போறதுக்கு முந்தி வாயால சொல்லிரு. நம்ம ஊருக்காரன்."

5. பூட்டிய அறை

அன்று ராஜமாணிக்கம் அண்ணன் வேலை முடிந்து வீடு திரும்பும் வேளையில் அழைத்தேன். ஹெலனின் படத்தை முன்பே அனுப்பியிருந்ததால் அவரே தொடங்கினார்.

"சொல்லுங்க அம்மிணி. சமையல் பண்றப்ப ஜன்னலச் சாத்தி வெச்சிருப்பாங்கங்க. சுவரு பூசணம் புடிக்காம என்ன பண்ணும்? லீசு முடிய இன்னும் மூணு மாசந்தானுங்களே, அதோட வேற ஆளப் பாத்துக்கலாமுங்க."

"வேற ஆளு வந்தாலும் அதே சுவருதான்ணே. கட்டடத்தால வார ஈரத்த வீட்டுக்காரர்தான் சரி பண்ணணும்னு அங்க சட்டமே இருக்கு. அது மட்டுமில்ல. தப்பு எங்கிட்ட இருக்கு. தெக்கு ஜன்னல்ல வெயில் வரும்னு எழுதுனது நான். வராதுண்ணே. அங்க வடக்கதான் வெயிலு."

எதிர்முனையில் வண்டி எஞ்சின் நின்றது கேட்டது.

"அப்ப... அந்த ரயில் ஸ்டேசன் வீட்டையே வாங்கியிருக்கோணும்?"

"ஆமாண்ணே."

"நல்லா இருக்குதுங்க. அந்த ஊடுதான் வேணும்னு ஊட்டுக்காரிகிட்ட சண்டையே போட்டேன். ஊருக்காரப் புள்ள எழுதிக் குடுத்துதுன்னு உட்டேன். ஒரு சோலாரு ஆளு வந்து, பலகையெல்லாம் செரியான பக்கந்தான் இருக்குதுன்னு சொல்லிச் சிரிச்சான். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கோணுமுங்க."

அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

கடிதம் இரண்டு கையெழுத்துகளோடு போயிற்று. அதற்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை வீட்டைப் பார்க்கப் போவதாகவும் முறைப்படி ஹெலனுக்கு அறிவிப்பு அனுப்பும்படியும் ஒரு வரி மட்டும் வந்தது. வீட்டுக்காரர் தம் சொந்த வீட்டுக்கே போனாலும் சட்டம் சொல்லும் அவகாசத்தோடு முன்கூட்டி எழுத்தில் அறிவித்துத்தான் போக வேண்டும். அனுப்பினேன். எதற்காகப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஹெலனைக் காலி செய்யச் சொல்லத்தான் என்று பாண்டி அடித்துச் சொன்னான்.

சனிக்கிழமை எங்களுக்குக் காலை ஏழு மணி. அங்கே நண்பகலுக்குச் சற்று முன். வீடியோ அழைப்பு வந்தது. அண்ணன் ரூபியின் அறையில் நின்றிருந்தார். பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது.

"நா இந்த ரூம்புக்குள்ள வந்ததே சனவரியிலதானுங்க அம்மிணி, வாங்கறதுக்கு முன்னால. அதுக்கப்பறம் வரவேயில்ல." உள்ளங்கையைச் சுவரில் வைத்து எடுத்தார். "நனைஞ்சு கெடக்குது. எங்கப்பா வெங்காயம் போட்டவருங்க. வெங்காயத்தக் குவிச்சு வெக்கற பட்டறையில அடியில காத்துப் போகலீன்னா ஒரே வாரத்துல மொத்தமும் அழுகிப் போகும். வெங்காயத்துக்குத் தெரிஞ்ச எனக்கு..."

ஹெலன் வாசலருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றது தெரிந்தது. அவரும் பாண்டி நினைத்ததைத்தான் எதிர்பார்த்து நின்றார் என்று பிறகு எனக்கு எழுதினார்.

அண்ணன் அறையை விட்டு வெளியே வந்தார். தொலைபேசி அவர் கையோடு ஆடியபடி நடைபாதையைக் காட்டியது. பாதை இருட்டாக இருந்தது. அதன் கோடியில், பூட்டிய முன் அறையின் கதவுக்கு முன்னால், ரூபி தரையில் போர்வையை விரித்து உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கதவின் அடி இடுக்கு வழியே ஒரு விரல் அகலத்துக்கு வெயில் வந்துகொண்டிருந்தது. அவள் தாளை அந்தக் கோட்டின் மேல் வைத்திருந்தாள். கோடு நகர நகரத் தாளையும் நகர்த்தினாள்.

அண்ணன் சட்டைப் பையைத் தடவுவது தெரிந்தது. ஆங்கிலத்தில் அவளிடம், "கொஞ்சம் தள்ளிக்கோ கண்ணு" என்பதைப் போல ஏதோ சொன்னார். சாவி திரும்பும் ஓசை கேட்டது. கதவு திறந்ததும் என் திரை முழுவதும் வெளுத்துப் போயிற்று. அவ்வளவு வெயில். காமிரா அதற்குப் பழகியபின் அட்டைப் பெட்டிகள் தெரிந்தன. கட்டிவைத்த மெத்தை. துணி சுற்றாத ஒரு பித்தளை அண்டா ஜன்னலடியில் பளபளத்துக்கொண்டிருந்தது.

"பாருங்க அம்மிணி" என்றார். "எஞ்சாமானெல்லாம் வெயில் காயுது."

அன்று மாலைக்குள் பெட்டிகள் அவர் குடியிருந்த வீட்டின் கார் கொட்டகைக்குப் போயின. பாதி சாமான்களை ஹெலனே தூக்கிக் கொடுத்தார். ரூபியின் கட்டில் முன் அறைக்கு வந்தது. ஓர் அறை கூடியதற்காக அண்ணன் வாடகையை ஏற்றவில்லை. ஏற்றலாமா என்று என்னிடம் கேட்கவும் இல்லை. அடுத்த வாரங்களில் கூரைக்குள்ளேயே ஈரத்தைக் கக்கிக்கொண்டிருந்த குளியலறை விசிறிக்குக் குழாய் போட்டு வெளியே திருப்பினோம். தெற்குச் சுவருக்குக் குளிர்த்தடுப்புப் பஞ்சு அடைத்தோம். கூடத்தில் ஒரு நல்ல ஹீட்டர் பொருத்தினோம். கூரைக்குள் திறக்கும் அந்த விசிறி, பில்டிங் ரிப்போர்ட்டின் பதினோராம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கங்களைப் படியுங்கள் என்று அவருக்கு உபதேசித்த நானே அதைப் படித்துவிட்டுச் சிறு குறை என்று கடந்திருந்தேன்.

ரூபியின் இளைப்பு அடியோடு நின்றுவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அந்தக் குளிர்காலத்தில் அவளை மறுபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேரவில்லை என்று ஹெலன் எழுதினார். அவர்கள் மேலும் மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார்கள். அந்த வீடு ஒரு வாரம்கூடக் காலியாகக் கிடக்கவில்லை. முதலீட்டாளர்கள் கேட்க விரும்பும் பாடம் இதுவென்றால் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு அது இரண்டாவது பாடம்தான்.

அண்ணன் வழக்குப் போடவில்லை. எங்களோடு சுமுகமாகிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது வீடு வாங்கியபோது எங்களிடம் பையர் நோட் கேட்கவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு ஜூன் மாத நண்பகலில், விலை பேசியிருந்த வீட்டின் கூடத்துக்கு நடுவே நின்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினார். தரையில் வெயில் ஒரு கட்டமாக விழுந்திருந்தது. எழுத்தாக எதுவும் அதில் இல்லை. எங்கள் வீட்டு மார்கழிக் கட்டம் அப்படியே அங்கே கிடந்தது போலிருந்தது.

ஹெலனின் படம் வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஏஜென்சி கைமாறி, எங்கள் அலுவலகமும் மூடப்பட்டது. அந்த மாடியில் இப்போது ஒரு தட்டச்சுப் பயிலகம் நடக்கிறது. தண்ணீர்த் தொட்டி அதே இடத்தில் இருக்கிறது. இப்போது வராத அந்த அதிகாலை வேனின் ஓசைக்கு என் உடம்பு இன்னும் சில நாட்கள் விழித்துக்கொள்கிறது.

அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் மூன்று மாற்றங்கள் நடந்தன. நான்காம் டெம்ப்ளேட்டை சேவியர் சார் தம் கையாலேயே அழித்தார். பூஞ்சை என்று யார் எழுதினாலும் முதலில் தொலைபேசியில் பேசிவிட்டு ஆள் அனுப்பினோம். பையர் நோட்டின் முதல் வரியாக, விலைக்கும் வாடகைக்கும் முன்னால், ஒரு கேள்வி சேர்ந்தது: குளிர்காலத்து நண்பகலில் இந்த வீட்டில் வெயில் விழும் அறை எது, அதில் யார் இருப்பார்கள்? அந்தக் கேள்விக்கு, நேரில் போய்ப் பார்த்த ஒருவரின் பதில் வரும்வரை நாங்கள் இரண்டாவது வரியை எழுதவில்லை.